டெஸ்மண்ட் எழுதாத குருவி

பதினான்கு வயதில் பள்ளியை விட்டுச் செங்கல் சுமக்கப் போனவன் நான். இன்று என் நோட்டில் நான் கண்டு குறித்த நானூற்றுப் பன்னிரண்டு வகைப் பறவைகள். இங்கிலாந்தின் இந்த நார்ஃபோக் கடற்கரையில் என் கண்ணை மிஞ்சிய கண் கிடையாது. ஆனால் இது டெஸ்மண்டைப் பற்றியது.

பறவை பார்ப்பதில் என் கூட்டாளி, முப்பத்தெட்டு வருடம் தபால் கொடுத்தவன். செம்மார்பு ஈப்பிடிப்பான் என்ற அபூர்வக் குருவியைத் தேடிப் பதினொரு முறை போய், பதினொரு முறையும் ஏமாந்தவன். இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தன. அடுத்த வருடம் குருவிகள் வரும்வரை பார்வை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த அக்டோபர் காலையில் செய்தி வந்தது. மாதாகோயில் கல்லறையில் அந்தக் குருவி, தாழ்ந்த கிளையில்.

"நேரா அங்க போயிடுவோம்யா" என்றான் டெஸ்மண்ட்.

"அது எங்க ஓடப்போகுது? வழியில சதுப்புல கீச்சான் பறவை ஒண்ணு இருக்கு. முடிச்சுட்டுப் போவோம், நான் சொன்னா கேளு."

கீச்சான் முந்தின நாளே போய்விட்டிருந்தது. நான் விடவில்லை, மணல்மேட்டுக்கும் இழுத்துப் போனேன். மழையில் இரண்டு மைல் நடை. கடற்காகம்கூட இல்லை; வழியோர வேலிகளில் எப்போதும் இருக்கும் ராபின் குருவிகள்தான்.

கல்லறைக்கு வந்தபோது மணி மூன்று. ஆள் கூடியதில் குருவி உச்சி இலைகளுக்குள் போய்விட்டிருந்தது. நாற்பது பேர் அண்ணாந்து நின்றார்கள்.

"காலையில மூக்குக்கு நேரா உட்கார்ந்திருந்துச்சு" என்றாள் எங்களுக்குப் பழக்கமான மொரீன். "ரெண்டு பேரும் எங்க, கல்யாணத்துக்குப் போயிருந்தீங்களா?"

எனக்கு அதன் அடையாளம் உடனே தெரிந்தது: வாலின் இரு ஓரத்திலும் வெள்ளை. முக்காலியில் நிறுத்திய என் தொலைநோக்கியை டெஸ்மண்டுக்கு விட்டுக்கொடுத்தேன். வெகுநேரம் குனிந்தே நின்றான்.

"என்னமோ அசையுது."

"அதுதான்யா! எழுதிக்கோ."

"இலையா இருந்தா?"

"எழுதுங்க டெஸ், நாப்பது பேர் பாத்திருக்கோம்" என்றாள் மொரீன்.

"நீங்க பாத்தீங்கம்மா. நான் பாக்கலையே."

தானே அடையாளம் கண்டால்தான் நோட்டில் ஏறும். எங்கள் வழக்கம் அது. என் நோட்டில் இரண்டு மூன்று எப்படி ஏறின என்று யாரும் கேட்டதில்லை.

ஐந்து மணிக்கு வானம் தெளிந்து, வடகாற்று அடித்தது. அந்த வானத்தைப் பார்த்தால் வலசைக் குருவிகள் இரவோடு இரவாகத் தெற்கே கிளம்பிவிடும்.

"நாளைக்கு விடியும்போதே இங்க நிக்கலாம்" என்றேன்.

"போயிருக்கும்யா."

ஃபிளாஸ்க்கில் மிஞ்சிய ஆறின தேநீரை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினான். பிறகு நோட்டைக் கண்ணுக்கு ஒட்டப் பிடித்து, பெரிய எழுத்தில் அன்றைய கணக்கை எழுதினான்: ராபின், எட்டு.