நான்கு நாற்காலிகள்

ஆட்டம் தொடங்குமுன் வோல்க்மார் டெட்வைலர் ஒரு சீட்டின் ஓரத்தை வைத்து மரப் பொம்மைகளைக் கோடு பிசகாமல் தள்ளுவார். பிறகு குனிந்து தூசி ஊதுவார். தன்னுடையதை மட்டுமல்ல, எதிரே இருப்பவருடையதையும். ஹைட்ரூனுக்கு அதைப் பார்த்தாலே எரியும்.

கோட்டிங்கனில் பலகை ஆட்டங்கள் வெளியிடும் நிறுவனத்தில், எது அச்சேறலாம் என்று முடிவு செய்பவள் அவள். வோல்க்மார் கணித விரிவுரையாளர். இளவயதிலிருந்தே ஆட்டங்கள் செய்கிறார். ஒன்றைக்கூட யாரும் வாங்கியதில்லை. அன்று மதுக்கடையின் பின்னறையில் அவள் தலையசைத்தால், பெட்டியின் மேல் அவர் பெயர் வரும்.

மேசை நடுவே அந்தப் பொம்மைகளால் ஆன ஒரு காடு, அதில் ஆளுக்கொரு மூலை. யார் மரத்தையும் யாரும் வெட்டலாம். ஆனால் முதலில் வெட்டுகிறவர் மற்றவர்களுக்குப் பாதை திறந்துவிட்டு, தானே அதிகம் இழப்பார். ஆகவே புத்தியுள்ளவர் காத்திருப்பார். அதை வோல்க்மார் பக்கம் பக்கமாக நிரூபித்தும் வைத்திருந்தார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். மறு சுற்றிலும் காத்திருந்தார்கள். பீரில் நுரை அடங்கிவிட்டது.

"எப்பங்க விளையாட ஆரம்பிக்கிறது?" என்றான் கெர்னோட். புது ஆட்டங்களை ஆடிப் பார்க்க மனைவியோடு வழக்கமாக வரும் ரொட்டிக்கடைக்காரன்.

"இதான் விளையாட்டு. யாரும் தப்பே பண்ணல, பாருங்க" என்றார் வோல்க்மார்.

பிணத்தின் கையைப் பிடித்து, படபடப்பே இல்லை என்று மகிழும் வைத்தியரின் முகம் அவருக்கு.

கெர்னோட்டின் மனைவி உண்டீன் கொட்டாவி விட்டாள். கையை நீட்டி, வோல்க்மாரின் மூலையில் அவர் ஊதி நிறுத்திய மரமொன்றைச் சாய்த்தாள்.

"ஏம்மா வெட்டுனீங்க? உங்களுக்குத்தானே நட்டம்?"

"இருக்கட்டும். உங்களுக்கும் கொஞ்சம் நட்டம்தானே."

கெர்னோட் சிரித்துக்கொண்டே மனைவியின் மரத்தில் கை வைத்தான்.

"அடப்பாவி, வீட்டுக்கு வா இன்னைக்கு."

ஹைட்ரூன் தன்னையறியாமல் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அதற்குள் வோல்க்மார் பொம்மைகளை வாரி அள்ளிவிட்டார்.

"இப்படியெல்லாம் ஆடக் கூடாது."

"விதியில இருக்கா?" என்றாள் உண்டீன்.

"புத்தி இருக்கிறவங்களுக்கு எழுதி வேற வைக்கணுமா?"

"டெட்வைலர், ஒண்ணே ஒண்ணு மாத்துங்க" என்றாள் ஹைட்ரூன். "முதல்ல வெட்டுறவங்களுக்குக் கொஞ்சம் ஆசை காட்டுங்க. மத்ததை இவங்க வஞ்சம் பாத்துக்கும். நான் எடுத்துக்கறேன், பெட்டி மேல உங்க பேரோட."

"முட்டாள்களுக்கு நான் ஆட்டம் செய்யறதில்ல."

மூடிய பெட்டியை அணைத்துக்கொண்டு, காசு கொடுக்காத தன் பீரையும் மறந்து, அவர் வெளியேறினார்.

இலையுதிர்காலத்தில் எஸ்ஸன் நகரத்துப் பலகை ஆட்டக் கண்காட்சிக்கு வந்திருந்த அவர் மனைவி சொல்லித்தான் ஹைட்ரூனுக்குத் தெரிந்தது: அந்த மாலைக்கு முன் அந்த ஆட்டத்தை அவர் வேறு யாரோடும் ஆடியதே இல்லை. சமையலறையின் நான்கு நாற்காலிகளிலும் மாறி மாறித் தானே உட்கார்ந்து ஆடுவாராம்.