நான் வெட்டி எறிந்த ‘ம்’கள்

வேங்கிக்காலில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் ஆடியோ எடிட்டிங் செய்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக, நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

ஒருநாள் ஓனர், “ஜப்பான்காரம்மா ஒருத்தங்க வந்திருக்காங்க. ரெண்டு பொம்பளைங்க பேசறதை ரெக்கார்ட் பண்ணிக் குடுப்பா” என்றார். எதற்கென்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

அடி அண்ணாமலையில் இட்லிக் கடை வைத்திருக்கும் புஷ்பா அக்கா பேசினார், அவர் நாத்தனார் கேட்டார். இருவருக்கும் காலர் மைக். பிறகு, கல்யாண வீடியோவுக்குச் செய்வதுபோல நாத்தனாரின் ‘ம்’, ‘அப்புறம்’ எல்லாவற்றையும் வெட்டினேன். அசல் பதிவு இருந்த மெமரி கார்டையும் ஃபார்மட் செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஹெட்போனை மாட்டிய அந்த ஜப்பான்காரம்மா ஹருகாவின் முகம் வாடியது.

“கேட்பவர் எங்கே?” என்று புத்தகத் தமிழில் கேட்டார்.

“டிஸ்டர்பன்ஸா இருந்துச்சுங்க. கிளீன் பண்ணிட்டேன்.”

“நான் கேட்பவருக்காகத்தானே வந்தேன்!”

அப்போதுதான் விளக்கினார். கதை கேட்பவர் எங்கெங்கே குரல் கொடுக்கிறார் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. ஜப்பானில் அடிக்கடி கொடுப்பார்களாம், சீனாவில் கம்மியாம். கொரியாவிலும் பதிவு செய்துவிட்டு, ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழுக்கு வந்திருக்கிறார். அடுத்த நாள் விமானம்.

உடனே அக்காவுக்கு போன் செய்தேன். நாத்தனார் நடவுக்காகக் கீழ்பென்னாத்தூர் போய்விட்டாராம்.

“என் வாய் ரெடியா இருக்குது. காதுக்கு நீயே உக்காரு தம்பி.”

அக்கா வந்து மைக் மாட்டியதும், “வேண்டுமென்றே ‘ம்’ போடக் கூடாது” என்றார் ஹருகா. அதனால் எனக்குக் குரலே வரவில்லை.

“இன்னாப்பா, செவுத்துகிட்ட பேசறாப்பல இருக்குது!” என்று அதட்டிவிட்டு, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் புருஷனைத் தொலைத்த கதையை அக்கா எடுத்தார்.

“போலீஸ்காரரு அடையாளம் கேட்டாரு. பொண்டாட்டி பேசினா காதுல வாங்காத ஆளுனு சொன்னேன்.”

“அய்யய்யோ! அப்புறம்?”

“அந்த மாதிரி பத்து பேர் இங்க நிக்கறாங்க, வந்து பாத்து எடுத்துக்கோம்மானு சொல்றாரு!”

நான் மைக்கையே மறந்து சிரித்தேன். அதற்குப் பிறகு எத்தனை ‘ம்’ போட்டேனோ தெரியாது. ஹெட்போனை மாட்டியபடி ஹருகாவும் சிரித்துக்கொண்டிருந்தார். “நிறைய! ஜப்பான்காரர் தோற்றார்!” என்று கைதட்டினார். வெட்டாமல், இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

இப்போது எந்த ஆர்டர் வந்தாலும், எதற்கு என்று முதலில் கேட்டுவிடுகிறேன். டெலிவரி முடியாமல் கார்டை ஃபார்மட் செய்வதில்லை. போன முகூர்த்தத்தில் கல்யாணப் பெண், “போய்ட்டு வரேம்பா” என்றாள். அப்பா “ம்” என்று மட்டும் சொன்னார். அதைத் தொடாமல் விட்டிருக்கிறேன்.