அளவு ஜாக்கெட்டோடு ராயபுரம் போனேன்

காலை ஆறே காலுக்கு எழும்பூரில் இறங்கினேன். கோவில்பட்டியிலிருந்து பதினொரு மணி நேரப் பயணம். எதிர் சீட்டுக்காரர் தன் பேரனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று. கடற்கரை ஸ்டேஷனில் மாறி ராயபுரம் போய்ச் சேர டிக்கெட் ஐந்து ரூபாய்.

வந்த காரியம் இதுதான். அடுத்த மாதம் என் மகனுக்குக் கல்யாணம். தாலி கட்டும்போது நாத்தனார் முடிச்சுப் போட அவன் தங்கை வேண்டும். அந்தத் தங்கை செல்வி, எனக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு போய் நாலு வருஷம் ஆகிறது. என் மனைவி இருந்திருந்தால் சமாதானம் பேசியிருப்பாள். அவள் அதற்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மகளை வாய் திறந்து 'வா' என்று கூப்பிட என் வீம்பு விடவில்லை. ஜரிகைப் பூவேலை செய்த ஜாக்கெட் ஒன்றைத் தபாலில் அனுப்பினால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் அந்த வேலைக்கு ஆளில்லை.

அந்த வேலை செய்யும் யூசுப் பாயின் பட்டறை ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிட நடை; பத்தரைக்குத்தான் திறந்தார்கள். மாடியில் ஒரே அறை. கட்டில் சட்டம் போன்ற மரச்சட்டத்தில் பட்டுத்துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, சுற்றி நாலு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்க நிறக் கம்பிச் சுருளைப் பொடிப்பொடியாக நறுக்கி, மணி கோப்பது போல ஊசியில் கோத்துத் தைக்கிறார்கள். கடல் காற்று பட்டால் ஜரிகை கறுத்துவிடுமாம். ஜன்னல்கள் சாத்தியே இருந்தன.

நான் கொண்டுபோன அளவு ஜாக்கெட்டைப் பாய் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார், இது எப்போ தெச்சது?"

நாலு வருஷத்துக்கு முன் கல்யாணம் செய்துகொண்டு வீட்டைவிட்டுப் போகும்போது மகள் பீரோவில் விட்டுப்போனது என்றேன்.

"நாலு வருச அளவ நம்பிக் கை வெக்க மாட்டேன் சார். மொதல்ல துணில கோடு போட்டு, வேலய முட்ச்சிட்டு, அப்பாலதான் வெட்றது. அதுக்கப்புறம் தையல புடிக்கவும் முடியாது, வுடவும் முடியாது. கம்பி பிச்சிக்கும்."

மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். திருவொற்றியூர் என்றேன். சாத்திய ஜன்னல் பக்கம் கையை நீட்டினார்.

"தோ, இங்க கீது திருவொத்தியூரு. போய் இப்போ போட்டுக்குற ஜாக்கெட்டு ஒண்ணு வாங்கினு வந்துடுங்க சார்."

பதினொன்றரைக்கு எண்ணூர் பஸ், பத்து ரூபாய். ஆறு கிலோமீட்டர்தான். துறைமுகத்துக்குக் காத்துக் கிடந்த கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஊர்ந்தது. நிற்க இடமில்லாத கூட்டம். அதற்குள் நின்றுகொண்டு, எனக்கென்று யாருமே இல்லை என்று நினைத்தேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட பஸ் படிவரை போய்விட்டு வந்தேன்.

செல்வி கதவைப் பாதி திறந்தாள். மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போயிருந்தார். அண்ணன் கல்யாணத்துக்கு உனக்கு ஜாக்கெட் தைக்க அளவு வேண்டும் என்றேன். அவள் உள்ளே போய், ஒரு ஜாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே வாங்க என்று அவள் சொல்லவில்லை, நானும் படியேறவில்லை. எல்லாம் சேர்த்து மூன்று நிமிஷம் இருக்கும்.

மூன்று மணிக்குப் பாய் இரண்டு ஜாக்கெட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக விரித்தார். புதுசு பழசுக்குள்ளேயே அடங்கிவிட்டது. டேப் பிடித்துப் பார்த்து, மூன்று அங்குலம் குறைவு என்றார்.

"கண்ணாலம் ஆன பொண்ணுக்கு அளவு ஏறித்தான் பாத்துக்கீறேன் சார். எறங்கி இப்பதான் பாக்குறேன். எந்த அளவுக்குக் கோடு போடட்டும்?"

இப்போது போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுபடி எண்ணூர் பஸ் பிடித்தேன்.

செல்வி இந்த முறையும் பாதிக் கதவுதான் திறந்தாள். அந்த ஜாக்கெட் சரிப்படவில்லையா என்று கேட்டாள்.

"ஏம்மா இப்படி மெலிஞ்சு போய்ட்ட?" என்றேன்.

நாலு வருஷத்தில் அவளைப் பற்றி நான் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் எழும்பூரில் நான் ஊர் திரும்பவேண்டிய ராத்திரி ரயில் போய்விட்டது.