எலி பிடிக்க வந்த சாரை

தங்கவயலில், ஸ்கெலட்டன் என்கிற பகுதிக்குப் பக்கத்தில், சுரங்கக் கூலிகளின் லைனில் எங்களுக்குக் கிடைத்த வீடு மூங்கில் தட்டியும் புல்கூரையும்தான். கல்யாணமான கையோடு வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து என்னை அழைத்து வந்து அதில் விட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் போய்விட்டார். ஷிப்டு முடிந்து வருவார், சாப்பிடுவார், கட்டையாய்ப் படுத்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெலுங்கு மட்டும். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன், அதற்கு மேல் ஓடாது. சில நாள் பொழுது சாய்கிற வரைக்கும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

எலிகளுக்கு மட்டும் குறைச்சலில்லை. கேழ்வரகு மூட்டையைக் குடைந்தன, இருந்த ஒரே நல்ல புடவையிலும் ஓட்டை போட்டன. பொறி வாங்கி வரச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கீழே சுரங்க லெவலில் வேலை செய்கிறவர்கள் எலியை அடிப்பதில்லை. பாறை சரிவதற்கு முன்னால் எலிகள்தான் முதலில் ஓடுமாம், அதைப் பார்த்து ஆட்களும் ஓடுவார்களாம். தூக்கில் கொண்டுபோகிற களியில் எலிக்கும் ஒரு கிள்ளு வைப்பார்.

"அது கீழ என் உசுர காக்குது. மேல வந்து நான் அத்த கொல்றதா?" என்பார்.

அந்த எலி வேறு, என் மூட்டையில் இருக்கிற எலி வேறு என்று சொன்னால் அந்த மனிதர் மண்டையில் ஏறவே ஏறாது.

அப்போதுதான் சாரை வந்தது. சுரங்கத்துக் கொதிகலனுக்கு விறகு வேண்டுமென்று சுற்றிலும் இருந்த புதரையெல்லாம் மொட்டையடித்திருந்தார்கள். பாவம், அதற்கும் வேறு போக்கிடமில்லை. முதல் நாள் அடுப்படியில் பார்த்தபோது வாசலுக்கு ஓடிவிட்டேன். என்னைவிட நீளம். ஆனால் அது என்னைச் சட்டை செய்யவில்லை. எலி வளைக்குள் தலையை விட்டுக்கொண்டு, தன் வேலை உண்டு தான் உண்டு என்று கிடந்தது. கொஞ்ச நாளில் கூரையில் ஓட்டமும் கீச்சும் அடங்கின. மூட்டை சிந்தவில்லை.

பிறகு அதனோடு பேச ஆரம்பித்தேன். "இன்னா, இன்னிக்கி இவ்ளோ நேரம்?" என்று கேட்பேன். வேலியில் தலையாட்டும் ஓணானிடமும் பேசிப் பார்த்திருக்கிறேன், அது நிற்காது. இது நிற்கும். பாம்புக்குக் காது கேட்காது என்பார்கள். என் வீட்டுக்காரருக்கும்தான் வேட்டுச் சத்தத்தில் பாதிக் காது போயிருந்தது.

அது அவர் கண்ணில் படக்கூடாது, அந்த ஒரு கவலைதான் எனக்கு. சாரை இருக்கிற இடத்துக்கு நல்லபாம்பு ஜோடி தேடி வரும் என்று எங்கள் ஜனங்களுக்கு நம்பிக்கை. கண்டால் விடமாட்டார். கூரையில் அது உரித்துப் போட்ட சட்டையைக்கூட அவர் வருவதற்குள் எடுத்து அடுப்பில் போட்டேன்.

ஒருநாள் ஆளை இறக்கும் கேஜில் ஏதோ வேலை நடக்கிறதென்று அவர் ஷிப்டு ஆட்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். எனக்குத் தெரியாது. நான் முறத்தை மடியில் வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே வாசல் வெயிலில் சாரை நீட்டிக் கிடந்தது. நிழல் விழுந்ததும் நிமிர்ந்தால், அவர் கையில் விறகுக் கட்டை.

"வேணாங்க, வேணாங்க" என்று கத்தினேன். தனக்குப் பாம்பால் ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று நான் கத்துகிறேன் என நினைத்து, அவர் இன்னும் வேகமாக அடித்தார்.

நசுங்கிய வாயிலிருந்து பாதி விழுங்கிய எலி வெளியே வந்தது. அதைப் பார்த்து, "பாவம்" என்றார்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் கட்டையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் குந்தினார். என் தலையில் கை வைத்தார்.

"இன்னாமே, பயந்துட்டியா? அழாத. அதான் நான் வந்துட்டேனே."

இந்த ஊருக்கு வந்த பிறகு, கண்ணில் தூக்கக் கலக்கமில்லாமல் அவர் என் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"ஆமாங்க, ரொம்ப பயந்துட்டேன்" என்றேன்.