ஞாயிற்றுக்கிழமை புரோக்கர்

ஒட்டுமீசையின் பசை காயும்வரை தமிழ்வேந்தன் வாயைத் திறப்பதில்லை. காய்ந்ததும் அதன் கதையைத்தான் முதலில் சொல்வார். “ஒருதபா கம்பெனி பசையில ஒட்டிட்டேன் சார். மூணு நாளு பிக்க முடியல. வீட்ல ஒரே பேஜாரு.”

வாரத்தில் ஆறு நாள் ஆம்பூர் ஷூ கம்பெனியில் அடியட்டை ஒட்டுகிறார். ஞாயிறானால் ஆலங்காயம் பக்கத்து ஊர்களில், ஒரு தொண்டு நிறுவனம் போடும் விழிப்புணர்வு நாடகத்தில், வேலை வாங்கித் தருவதாகப் பெண்களைக் கடத்தும் புரோக்கர் வேஷம். ஆள்கடத்தலை ஒழிக்க மூன்று நாடுகள் சேர்ந்து ஒதுக்கிய நிதி, வழியில் பல நல்ல ஓட்டல்களில் தங்கிவிட்டு ஆலங்காயம் வந்து சேர்ந்தபோது, ஒரு மீசை, ஒரு கறுப்புக் கண்ணாடி, ஒரு கவரிங் சங்கிலி என்று ஆகியிருந்தது.

அவர் மேடையேறினால் பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் புரோக்கரைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டதாக அறிக்கை போயிற்று. வெளிநாட்டிலிருந்து பாராட்டும் வந்தது. வேஷம் கலைத்துவிட்டால் அவரை ஒருவருக்கும் தெரியாது. டீக்கடையில் அதே பெண்கள் அவரிடம் குடும்பக் கதை பேசுவார்கள்.

அப்படித்தான் பாக்யலட்சுமி சொன்னாள். வெளிமாநிலத்தில் வேலை என்று மகள் முத்துமாரியை ஒரு அக்காவோடு அனுப்பினாளாம். பத்து நாளாக மகளின் போன் அணைந்தே கிடக்கிறது. “நல்ல பொம்பளபா அது. பொறுமையா பேசுச்சு. எம்பொண்ணுக்கு சாப்பாடு கட்டியாந்து குடுத்துச்சு. நாடகத்துல வர்றானே, அவனாட்டம் இல்ல.”

தமிழ்வேந்தன் டீயை அப்படியே வைத்துவிட்டார். அவளைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் புகார் எழுதவைத்தார். மறுநாள் லீவு போட்டுவிட்டு வேலூரில் நிறுவனத்தின் திட்ட அதிகாரி பிரேம்நாத் முன்னால் நின்றார். பெண்ணைத் தேட ஆள் அனுப்ப வேண்டும், நாடகத்தையும் மாற்ற வேண்டும் என்றார். நிறுவனத்துக்கு அறிக்கை எழுதித்தரும் நானும் கூடப் போயிருந்தேன்.

“தேடறதுக்கு பட்ஜெட்ல இடமில்ல, விழிப்புணர்வுக்கு மட்டும்தான். கேரக்டரு நிதி குடுக்கறவங்க அப்ரூவ் பண்ணது. மாத்தணும்னா திட்டத்தோட அடுத்த கட்டத்துலதான்,” என்றார் பிரேம்நாத், மிக இனிமையாக. எனக்கு அந்த இனிமையைத்தான் தாங்க முடியவில்லை.

“அதுவரைக்கும் இன்னா சார் பண்றது? இந்த மீசையவே ஒட்டினு இருக்கட்டுமா?”

அடுத்த ஞாயிறும் முத்துமாரி வரவில்லை. தமிழ்வேந்தன் மீசை ஒட்டவில்லை. நாடகம் தொடங்கியபின் வேஷமில்லாமல் தினம் போடும் சட்டையோடு கூட்டத்துக்குள் வந்தார். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமியிடம், “சாப்ட்டியாம்மா?” என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தம் பக்கம் நடந்தார். அவளுடைய அம்மா கால்களை மடக்கி அவருக்கு வழிவிட்டாள். புரோக்கர் எப்போது வருவான் என்று அவள் கண் மேடைமேலேயே இருந்தது.