நோயாளி அசைந்தார்

எங்கள் ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் மூச்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். எக்ஸ்ரே மேசையில் யார் படுத்தாலும், "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோங்க, நான் சொல்றவரைக்கும் விடக்கூடாது" என்பாள். நெஞ்சுக்குப் படம் எடுக்கும்போது சொன்னால் சரி. கால் கட்டைவிரலுக்கு எடுக்கும்போதும் அதையே சொல்வாள். "கால் விரல் மூச்சு விடுமாக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "மூச்சைப் பிடிச்சா மனுஷன் சிலை மாதிரி இருப்பான், படம் கலையாம விழும். பேனா பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது" என்றாள்.

நான் பேனா பிடிக்கிறவன்தான். அவசரப் பிரிவு வாசலில் உட்கார்ந்து காயப் பதிவேடு எழுதுவது என் வேலை. அடிதடியில் வருகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். யார் அடித்தது, எதால் அடித்தது, எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருக்க, மாடிப்படியில் வழுக்கி விழுந்தேன் என்று சொன்ன பெண்கள் எத்தனையோ பேர். அப்படியே எழுதியிருக்கிறேன். படிக்கட்டுக்கு விரல் உண்டா என்று கேட்பதற்கு அந்தப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

சட்டத்தைப் பற்றி நான் பேசினால் வக்கீல்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அடியைச் சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. வீங்கினால், கன்றினால், ரத்தம் வந்தால் அது சாதாரணக் காயம். இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி, ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எலும்பு முறிந்தால் அது கொடுங்காயம். அதற்குச் சமாதானப் பேச்செல்லாம் கிடையாது. அடித்தவனை உள்ளே வைத்தே ஆக வேண்டும், வழக்கு நடந்தே தீர வேண்டும். தினமும் அடி வாங்கி மனசு உடைந்துபோனவளைச் சட்டத்துக்குத் தெரியாது. எலும்பு மட்டும்தான் அதன் கண்ணில் படும். அந்த எலும்பை அதற்குக் காட்டுகிறவள் எங்கள் மூச்சக்கா. அவள் படத்தைப் பார்த்துத்தான் டாக்டர் 'சாதாரணம்' என்றோ 'கொடும்' என்றோ எழுதுவார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெற்றவர்கள் போனபோது தங்கைக்கு ஒன்பது வயது. அவளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவள் அக்காதான். தங்கை தையல் கடையில் துணி வெட்டுகிறவளாக ஆனாள். இருபது மடிப்புத் துணியைப் பெரிய கத்திரியால் ஒரே ஓட்டத்தில் வெட்டுவாளாம். "என் தங்கச்சி கை மிஷின் மாதிரி" என்று அக்கா சொல்லாத நாள் கிடையாது. மாப்பிள்ளையையும் அக்காவே பார்த்தாள். அரசாங்க பஸ் ஓட்டுகிறவர், குடிப்பழக்கம் இல்லை, வாய் அதிர்ந்து பேசமாட்டார். ஒரு வருஷம் விசாரித்து முடித்த சம்பந்தம் என்று எங்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டாள்.

அந்த மாப்பிள்ளையும் தங்கையும் ஒருநாள் காலை பத்து மணிக்கு என் மேசை முன்னால் வந்து நின்றார்கள். அவர் தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. தங்கை வலது கையை இடது கையில் ஏந்திக்கொண்டிருந்தாள். என்ன ஆச்சும்மா என்றேன். இவளும் படிக்கட்டு என்பாள் என்று பேனாவைத் தயாராக வைத்திருந்தேன். அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இவர் கையை முறுக்கித் தள்ளிவிட்டார்ணே. அப்படியே எழுதிக்கோங்க."

எழுதினேன். அவர் குழந்தையின் சட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். கட்டினவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படிச் சொன்ன பெண்ணை அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அவள் செய்ய வேண்டியதை அவள் செய்துவிட்டாள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

எக்ஸ்ரே அறைக்குச் சீட்டை நானே கொண்டுபோனேன். சீட்டைப் பார்த்த அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கையின் கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் குழிவாக ஓர் இடம் உண்டு. அங்கே விரலை வைத்து அழுத்தினாள். தங்கை துடித்துப்போனாள். அந்தக் குழிக்குள் முந்திரிப் பருப்பு அளவில் ஓர் எலும்பு இருக்கிறது. அது முறிந்தால் வெளியே தெரியாது, சாதாரணப் படத்திலும் விழாது. கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்துவைத்துத் தனியாக ஒரு படம் எடுத்தால்தான் விழும். இதெல்லாம் அக்கா எனக்குப் பின்னால் சொன்னது.

"அக்கா, ஒடஞ்சிருக்கா?" என்று கேட்டாள் தங்கை.

"இருடி, படம் எடுத்தாத்தானே தெரியும்."

"ஒடஞ்சிருந்தா அவரை உள்ள வைப்பாங்களாமே. பக்கத்து வீட்டுல சொன்னாங்க."

அந்தக் கேள்வியில் இருந்தது பயமா ஆசையா என்று எனக்கு அப்போது புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்திருக்க வேண்டும். வழக்கம்போல மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். இரண்டு படம் எடுத்தாள், இரண்டாவதைக் கையைச் சாய்த்துவைத்து. என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனாள். ஐந்து நிமிஷ வேலைக்கு இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டாள். வெளியே வந்தபோது அவள் கையில் ஒரே ஒரு படம்தான் இருந்தது.

"ரெண்டாவது எங்கக்கா?"

"கெட்டுப்போச்சு. உன் வேலையைப் பாரு."

கெட்டுப்போன படத்துக்கென்று அங்கே ஒரு நோட்டு உண்டு. படம் ஏன் வீணானது என்று எழுதி, அவள் கையெழுத்துப் போட வேண்டும். அன்று அதில் அக்கா எழுதியது இரண்டே வார்த்தை: நோயாளி அசைந்தார்.

டாக்டர் ஒற்றைப் படத்தைப் பார்த்துச் 'சாதாரணக் காயம்' என்று எழுதினார். ஸ்டேஷனில் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். மாப்பிள்ளை அழுதாராம், இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாராம். தங்கை தாளில் கையெழுத்துப் போட்டாள். "வெறும் சுளுக்குடி, எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்" என்று அக்கா அவளை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள்.

அக்கா ஏன் அப்படிச் செய்தாள்? மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போனால் வேலை போகும், குழந்தை அப்பன் இல்லாமல் வளரும் என்று நினைத்தாள். இது பாதிதான். மீதிப் பாதியையும் வெகுநாள் கழித்து அவளே ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள்: "நான் பாத்து வச்ச மாப்பிள்ளைடா. நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு நெனச்சேன்." எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போய்விட்டேன். அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருபது நிமிஷம் இருட்டறை வாசலில் நின்றவன் நான்தானே. ஏனக்கா இவ்வளவு நேரம் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

தங்கையின் கை தேறவில்லை. கத்திரியை அழுத்தினால் மணிக்கட்டு சுருக்கென்று இழுத்தது. வெட்டு மேசையிலிருந்து அவளை இறக்கிப் பொத்தான் தைக்க உட்காரவைத்தார்கள். வலிக்குதுக்கா என்று அவள் வரும்போதெல்லாம், சுளுக்கு நாள்படும்டி, அதையே நினைச்சுக்கிட்டிருக்காதே என்று அக்கா தைலம் கொடுத்து அனுப்பினாள். கொஞ்ச நாளில் அவள் வலியைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்தாள். நிமிர முடியவில்லை. "கீழ விழுந்ததுக்கப்புறமும் மிதிச்சார்ணே. எழுதிக்கோங்க" என்றாள். அன்று எக்ஸ்ரேவுக்கு வேறு ஆள் இல்லை. அக்காதான் எடுத்தாள். மூச்சை இழுத்தால் தங்கைக்கு உயிர் போனது. முதல் படம் நிஜமாகவே கலைந்துவிட்டது. 'நோயாளி அசைந்தார்' என்று நோட்டில் எழுதிவிட்டு அக்கா மறுபடி எடுத்தாள். எந்தப் பக்கத்தையும் விடவில்லை. விலா எலும்பு இரண்டில் விரிசல். டாக்டர் 'கொடுங்காயம்' என்று எழுதினார். அன்று சாயங்காலமே மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கா என் மேசைக்கு வந்து, "இந்தத் தடவை விடமாட்டேன்டா" என்றாள்.

வழக்கு வந்தபோது என்னையும் பதிவேட்டோடு சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். தங்கை சாட்சி சொன்னாள். முதல் தடவை அடித்ததிலிருந்து வலது கை சரியில்லை, தொழில் போய்விட்டது என்றும் சொன்னாள். அதற்கப்புறம் அக்கா கூண்டில் ஏறினாள்.

மாப்பிள்ளைக்கு வந்த வக்கீல் கெட்டிக்காரர், குரலை உயர்த்தவே இல்லை. விலா எலும்புப் படம் ஒன்று கெட்டுப்போனதை எப்படியோ தெரிந்துகொண்டு, அந்த நோட்டை வரவழைத்திருந்தார். பக்கம் பக்கமாகப் பின்னால் போயிருக்கிறார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியும் இதே நோயாளி, இதே வார்த்தை. உங்க தங்கை எப்பவும் அசைவாங்களா?"

வக்கீல் நோட்டை மூடி வைத்தார்.

"அந்தத் தடவை எலும்பு முறியலைன்னு உங்க படமே சொல்லுது. ஆனா அன்னிக்கே கை போச்சுன்னு உங்க தங்கை இப்ப சத்தியம் பண்ணிச் சொல்றாங்க. படம் பொய்யா? தங்கை பொய்யா?"

தங்கை பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படம் நிற்கும். பழைய படம் நின்றால் புதுப் படமும் நிற்கும், மாப்பிள்ளை தப்ப முடியாது. அரசு வக்கீல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை வலது கையை மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டிருந்தாள்.

"என் படம்தான் பொய்" என்றாள் அக்கா. "அவ அசையல. ரெண்டாவது படத்துல முறிவு தெளிவா இருந்தது. நான்தான் கிழிச்சுப் போட்டேன்."

"அப்போ அவரைக் காப்பாத்த ஒரு படம். இப்போ அவரை மாட்டிவிட ஒரு படம்" என்று சொல்லிவிட்டு வக்கீல் உட்கார்ந்தார்.

தீர்ப்பு அடுத்த மாதம் வந்தது. தங்கை உடம்பில் அடிபட்ட தடங்கள் இருந்தது நிரூபணம். விரிசல் இப்போது கூடிவிட்டதால், எலும்பு முறிந்ததற்குச் சான்று அந்த விலாப் படம் மட்டுமே. இந்தச் சாட்சி எடுத்த படத்தை நம்ப இயலாது, டாக்டரும் அதை வைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆகவே சாதாரணக் காயம். அபராதம், எச்சரிக்கை. மாப்பிள்ளை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தி அதற்குள் மூன்று வாரம் ஆகியிருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவள் எழுதிய ஒரே பொய் அந்த முதல் 'நோயாளி அசைந்தார்'தான். அந்தப் பொய்யை நம்பினார்கள். உண்மையான படத்தை நம்பவில்லை. நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோர்ட் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. ஒரு கோடியில் அக்கா, மறு கோடியில் தங்கை, நடுவில் குழந்தை. சாட்சி சொன்ன நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"என்னைத் திட்டவாவது திட்டுடி."

தங்கை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு வருஷமா கை வலிக்கறப்பல்லாம் நான்தான் நடிக்கிறேனோன்னு நெனச்சுக்கிட்டேன். அக்கா படம் எடுத்துப் பாத்தாளே, அக்காவுக்குத் தெரியாதான்னு. வேலைக்குச் சோம்பல் படறேன்னு என்னையே திட்டிக்கிட்டேன்."

அக்கா அழுதாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"கிழிச்சது கூடப் பரவால்லக்கா. நான் அசைஞ்சேன்னு எழுதிட்டியே. நீ மூச்சைப் பிடிச்சுக்கோன்னு சொன்னே. உயிரே போற வலியிலயும் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன். நான் அசையவே இல்லையேக்கா."

அவள் எழுந்தாள். துணிப்பையை வலது கையால் எடுத்தாள், முகம் சுளித்து இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். குழந்தையை முன்னால் நடக்கவிட்டுப் படியிறங்கிப் போனாள். அக்கா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தங்கை தெருவைக் கடந்து மறைகிறவரை அக்கா மூச்சே விடவில்லை.