எங்கள் தெருவில் மட்டும் உறுமிய டாக்ஸி

என் மாமாவுக்கு மூளை கழன்றுவிட்டது என்று ராயபுரத்தில் எங்கள் தெரு மொத்தமும் ஒரே குரலில் முடிவு கட்டிய வருஷம் அது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மூன்று கை மாறி அவரிடம் வந்து சேர்ந்த ஒரு லேண்ட்மாஸ்டர் டாக்ஸியை ஓட்டிக்கொண்டு, சாப்பாடும் படுக்கையும் எங்கள் வீட்டில் என்று இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. அந்த டாக்ஸியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறான் என்று அம்மா சொல்வாள்.

மூளை கழன்றது இப்படித்தான். துறைமுகத்துக்குள் ஒரு கப்பல்காரரை இறக்கிவிடப் போனவர், கிரேன் ஒரு சிவப்பு வெளிநாட்டுக் காரைக் கப்பலிலிருந்து இறக்குவதைப் பார்த்திருக்கிறார். சோழவரத்தில் நடக்கும் பந்தயத்துக்காக வந்த கார். தரையைத் தொட்டதும் அதை ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். அன்று மாமா வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிடாமல், அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார். பருக்கைகள் பறந்தன.

“ஈரக்கொல ஆடிப்போச்சுக்கா! நம்ம வண்டிய அதே மாதிரி உறும வெக்கல, நான் என் பேர மாத்திக்கிறேன்.”

“மொதல்ல சோத்தத் துன்னு. இந்த வூட்ல மனுஷன் கொரல் கேட்டே எம்மா நாளாவுது, இவனுக்கு வண்டி உறுமணுமாம்” என்றாள் அம்மா.

அம்மா சொன்ன மனுஷன் என் அப்பா. பாய்லர் பட்டறையில் இரும்புத் தகடுகளைச் சேர்த்து ரிவிட் ஆணி அடிக்கும் வேலை. பாய்லருக்குள் ஒருவர் உட்கார்ந்து ரிவிட்டைத் தாங்கிப் பிடிக்க, வெளியிலிருந்து இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். உள்ளே உட்காருகிறவர் அப்பா. வருஷக்கணக்காக அந்த அடியை வாங்கிக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. பட்டறைக்காரர்கள் பாதிப் பேருக்கு அதே கதைதான் என்பதால் எங்கள் பக்கத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. காது போன பிறகும் அப்பா தெருவே சிரிக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தார். தன் குரல் தனக்குக் கேட்காததால் சத்தமாகப் பேசுவார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் வினை வந்தது. பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கிற நேரம். கைக்குழந்தைகூட மூச்சு விடவில்லை. ஆண்கள் பக்கத்தில் மண்டியிட்டிருந்த அப்பா, மாமாவின் காதோரம் குனிந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “மச்சான், உங்கொக்கா இன்னிக்கி இன்னா கொழம்பு வெச்சிகீறா?” என்று கேட்டார். பீடத்தில் இருந்த சாமியாருக்கே கேட்டது. யாரோ களுக்கென்று சிரிக்க, வரிசை வரிசையாக அது பரவியது. பெண்கள் பக்கத்தில் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாவுக்குச் சிரிப்புக் கேட்கவில்லை. ஆனால் வாய்களைப் பார்த்தார். சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவே உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர், அவருக்குப் புரியாமல் போகுமா?

அன்றோடு அப்பா வாயை மூடிக்கொண்டார். வேலைக்குப் போவார், வருவார், முன்னறையில் நாற்காலியைச் சுவரைப் பார்க்கப் போட்டு உட்காருவார். சோறு வேண்டுமா என்றால் ஒரு தலையாட்டல். அம்மா கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அவர் வாய் திறந்து பேசினால் போதும், வேறு ஒன்றுமே வேண்டாம் என்று ஜெபத்தில் என்னையும் சேர்ந்து சொல்ல வைத்தாள். நானும் மனதாரத்தான் சொன்னேன். அப்பாவின் குரல் இல்லாத வீடு எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. அடிவயிற்றிலிருந்து எழும்பி வருகிற அந்தக் கட்டைக்குரல். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அப்பா மெதுவாகத் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தார். நானும் மாமாவும் தாயம் ஆடிக்கொண்டிருந்தோம். மாமா கட்டையை உருட்டாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆடு மாமா” என்று நான் அவரைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது. மறுநாள் காலையில்தான் டாக்ஸிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தார்.

அவர் செய்த ஏற்பாடு இது. சைலன்ஸருக்கு முன்னால் புகைக்குழாயை அறுத்து, கிளை மாதிரி இன்னொரு குழாயை வெல்டிங் வைத்து, அதன் வாயில் ஒரு மூடி. மூடியிலிருந்து பழைய சைக்கிள் பிரேக் கம்பி ஒன்று டிரைவர் சீட்டு வரைக்கும் வரும். கம்பியை இழுத்தால் மூடி திறந்து சத்தம் நேராக வெளியே வரும். விட்டால் வண்டி பழையபடி சாது.

முதலில் வைத்த குழாய், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல் கத்தியது. இரண்டாவது குழாய் பிரமாதம். வீல் என்று தெருமுனை வரை கிழித்துக்கொண்டு போனது. பையன்கள் விசில் அடித்தார்கள். நான் கைதட்டினேன். மாமா வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “ஊஹூம், இது இல்ல” என்று அதையும் கழற்றிப் போட்டார். அந்தச் சிவப்புக் காரின் சத்தத்தைக் கேட்டவர் எங்களில் அவர் ஒருவர்தான் என்பதால் யாரும் எதிர்த்துப் பேச முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் எதற்காக வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறார் என்பதுதான் விளங்கவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாளா என்று பார்க்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதாக, கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து கை நுழைகிற அளவுக்குத் தடிமனான ஒரு குழாய் வந்தது. கம்பியை இழுத்ததும் தரை அதிர்ந்தது. எதிர்வீட்டு மீன்காரம்மாவின் கூடையிலிருந்து தராசுத் தட்டு நழுவி விழுந்தது.

“அடப்பாவி! இன்னாடா இது, வண்டியில பேய் பூந்துகிச்சா? கலீஜா ஒரு சத்தம்!”

மாமா எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். “இதான்! அச்சு அசல் இதான்!” என்று மாமா துள்ளிக் குதித்தார்.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் தெருமுனையில் திரும்பும்போது மாமா கம்பியை இழுப்பார். அப்பா வாசலுக்கு வருவார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். பேசமாட்டார், ஆனால் மீசைக்கடியில் ஏதோ அசையும். சுவரைப் பார்த்துக் கிடந்த நாற்காலி எப்போதோ வாசல் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. நான் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. எனக்கு மாமாவின் மேல் தீராத கோபம். பள்ளிக்கூட வாசலில் இழு என்றால் மாட்டார். கடற்கரைச் சாலையில் பெரிய மனிதர்களின் கார்கள் போகிறபோது இழு என்றால் மாட்டார்.

“இங்க எதுக்கு கண்ணு? போலீஸ்காரன் புடிச்சான்னா பேஜாரு.”

மீன்கூடைகளுக்கும் கோழிகளுக்கும் நடுவில் மட்டும் சிங்கமாக உறுமிவிட்டு, ஊருக்குள் பூனையாகப் போகிற மனிதரை என்னவென்று சொல்வது! எங்கள் பரம்பரையிலேயே விவஸ்தை கெட்டவர் இவர்தான் என்று தீர்மானித்தேன்.

பந்தயத்தன்று எல்லாரையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு சோழவரம் போனார். புளிச்சோறும் வறுத்த வஞ்சிரமும் கட்டிக்கொண்டு போனோம். மைதானத்துக்குள் நுழைகிறபோதாவது இழுப்பார் என்று பார்த்தேன். இத்தனை பந்தயக் கார்கள், இத்தனை கூட்டம், இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? இழுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பந்தயம் தொடங்கியதும் பக்கத்தில் நின்றவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை. எல்லாரும் ஒருவர் காதில் ஒருவர் வாயை வைத்துக் கத்தினார்கள். இன்னா, இன்னா என்று எங்கே பார்த்தாலும் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா மட்டும் வேலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, உதடுகளைப் பார்த்தபடி, எல்லாம் தெரிந்தவராக நின்றிருந்தார். சிவப்புக் கார் எங்களைக் கடந்தபோது கயிறு நடுங்கியது. அப்பா மாமாவின் தோளைப் பிடித்து இழுத்துக் கத்தினார்.

“மச்சான்! அச்சு அசல் நம்ம வண்டி மாதிரியே கீதுடா!”

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கேதான் எல்லாருமே கத்திக்கொண்டிருந்தார்களே! மாமா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் புழுதி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். அம்மா ஒரு காரையும் பார்க்கவில்லை, அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ ஒரே சிரிப்பு. மாமாவின் வண்டிக்குக் கடைசியில் நற்சாட்சி சொன்னவர் காது கேளாதவர்!

பின்னால் ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்கே வந்து அந்தக் குழாயைக் கழற்ற வைத்தார். அந்தப் பஞ்சாயத்தில் எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியது அப்பாதான். சாகும்வரை அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார், கோயிலில்கூட. யார் சிரித்தாலும் அவர் கவலைப்படவில்லை. மாமாவும் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. அவர் எனக்கு வாங்கித் தந்த மிட்டாய்க்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். என் அப்பாவை எனக்குத் திருப்பித் தந்ததற்குத்தான் சொல்லவில்லை. அதை இப்போது இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

சோழவரத்திலிருந்து திரும்புகிறபோது, ஊர் தாண்டியதுமே மாமா கம்பியை இழுத்துவிட்டார். ராயபுரம் வரை விடவே இல்லை. டாக்ஸிக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. அப்பா முன்சீட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, இத்தனை மாதம் சேர்த்து வைத்ததையெல்லாம் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். மாமா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அப்பா என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் பின்சீட்டில் இரண்டு காதிலும் விரலை விட்டு அடைத்துக்கொண்டு, எப்போது வீடு வரும், எப்போது மாமா அந்தக் கம்பியை விடுவார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.